ஒரே பெட்டி ஏசியா, ஸ்பிளிட்டா? படகில் சத்தமும் கேஸும்

படகு ஏசியில் இரண்டு வகை பரவலாக உண்டு. கம்ப்ரசர், கன்டென்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி), குளிர்காயில், ஃபேன் எல்லாம் ஒரே தட்டில் அமர்ந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வது ஒரே பெட்டி. கம்ப்ரசரும் கன்டென்சரும் என்ஜின் அறையில், காயிலும் ஃபேனும் கேபினில், நடுவே செப்புக்குழாய் என்பது ஸ்பிளிட். இரண்டிலும் கன்டென்சரைக் குளிர்விப்பது கடல்நீர்தான்.

சத்தத்தில் ஸ்பிளிட்டுக்கே முதலிடம். கம்ப்ரசர் தலைமாட்டில் இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் ஒரே பெட்டியின் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். உரசல் கேட்டால் ஃபேன் சக்கரம். கம்ப்ரசர் சேர்ந்ததும் உறுமினால் குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் அது மரத்திலோ தட்டிலோ முட்டுகிறது. இல்லையென்றால் அடியிலுள்ள ரப்பர் இறுகியிருக்கும். ஸ்பிளிட்டில் அதே அதிர்வு செப்புக்குழாய் வழியாகப் பயணித்து எங்கோ ஒரு தடுப்புச் சுவரில் முணுமுணுக்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். வெப்ப முறைக்கு மாறும்போது வரும் ‘புஸ்’ஸை இரண்டிலும் கண்டுகொள்ள வேண்டாம், அது வால்வு திரும்பும் சத்தம்.

கேஸ் விஷயத்தில் கணக்கு தலைகீழ். ஒரே பெட்டி தொழிற்சாலையிலேயே கேஸ் நிரப்பி மூடப்பட்டு வருகிறது. ஸ்பிளிட்டின் இணைப்புகளைப் படகில் வைத்துத்தான் போடுகிறார்கள். அதிர்வும் உப்புக்காற்றும் முதலில் சோதிப்பது அந்த இணைப்புகளை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டுகளைத்தான். எண்ணெய்க் கறை தெரிந்தால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது வீண், ஏனென்றால் ஏசி கேஸைச் சாப்பிட்டுத் தீர்ப்பதில்லை. பல வாயுக்கள் கலந்த ஆர்-407சி வகை கேஸ் என்றால் கசிந்த பிறகு கலவை விகிதமே மாறியிருக்கலாம்; மிச்சத்தை மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, பெயர்ப்பலகையில் உள்ள எடைக்குப் புதிதாக நிரப்புவதே சரி. ஆர்-410ஏ வகை கேஸ், பழைய ஆர்-22ஐவிடச் சுமார் 60% கூடுதல் அழுத்தத்தில் ஓடும். அதற்கு ஆர்-22க்கான பழைய கேஜை (அழுத்தமானியை) மாட்டக் கூடாது. இன்னொன்று, இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். காற்றோட்டம் செய்துவிட்டு இறங்குங்கள்.

எந்த வகையானாலும் ‘கேஸ் குறைவு’ என்று முடிவுகட்டுமுன் கன்டென்சரைக் குளிர்வித்துப் படகுக்கு வெளியே விழும் கடல்நீர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கடல்நீர் பம்ப் பெரும்பாலும் தானே நீரை இழுத்துக்கொள்ளாத வகை. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கடல்நீர் வடிகட்டியில் பாசி அடைத்தாலோ காற்று மாட்டினாலோ பம்ப் கரகரக்கும், உயர் அழுத்தத்தில் ஏசி அணைந்துவிடும். அந்த நேரத்தில் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். உண்மையிலேயே கேஸ் குறைந்த ஏசி பெரும்பாலும் இப்படி அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் குளிராது. காயிலில் ஒரு பகுதி மட்டும் பனி படியும். காற்று வடிகட்டி அழுக்கானாலும் பனி வரும் என்பதால் முதலில் அதைக் கழுவுங்கள்.

ஒன்றிரண்டு கேபின் படகுக்கு என் ஓட்டு ஒரே பெட்டிக்கு. கசிந்தால் கழற்றிப் பட்டறைக்கே தூக்கிப் போகலாம். பல கேபின், லேசான தூக்கம் என்றால் ஸ்பிளிட், அதுவும் இணைப்புகளைப் பற்றவைத்து, கை எட்டும் இடத்தில் விட்டிருந்தால் மட்டும். கன்டென்சர் ஓட்டையாகிக் கடல்நீர் கேஸ் பாதைக்குள் நுழைந்துவிட்டால் ஒரே பெட்டியை முழுதாக மாற்றுவோம், தீர்ந்தது. ஸ்பிளிட்டில் கம்ப்ரசர் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாது. குழாயிலும் காயிலிலும் தங்கிய உப்புநீர் புது கம்ப்ரசரையும் அரித்துவிடும்.