கரைந்த ஆக்சிஜனை அளக்க: கிளார்க் மின்முனையா, ஒளி உணரியா?

ஏரி, குளத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க இந்த இரண்டு உணரிகள்தான் பெரிதும் புழக்கத்தில் உள்ளன.

பழையது, அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்ட மின்முனை. மெல்லிய சவ்வைத் தாண்டி வரும் ஆக்சிஜன் பிளாட்டினம் முனையில் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும். அப்போது ஓடும் மின்னோட்டம்தான் கணக்கு. சிக்கலும் இங்கேதான். அளக்க வந்த பொருளையே அது தின்கிறது! தண்ணீர் அசையாமல் நின்றால் முனையருகே ஆக்சிஜன் தீர்ந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் அதைக் கெடுக்கும். அப்புறம் சவ்வு மாற்றுவது, உள்ளே மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசல் நிரப்புவது. அதில் குமிழி சிக்கினால் மறுபடி முதலிலிருந்து.

ஒளி உணரி ஆக்சிஜனைத் தின்பதில்லை. நீல ஒளி பட்டதும் அதிலுள்ள சாயம் ஒளிரும். ஆக்சிஜன் அதிகமென்றால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். விலைதான் கூடுதல்.

மாதக்கணக்கில் குளத்திலேயே விட்டுவைக்க ஒளி உணரிதான் சரி, பாசி படிந்தால் துடைக்க வேண்டியிருந்தாலும். ஆய்வகத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) சுவாசத்தை நொடிக்கு நொடி பின்தொடர்வது வேறு கதை: கலக்கி பொருத்திய சிறு கிண்ணத்தில் கிளார்க் மின்முனைக்கு இன்னும் மவுசு உண்டு.