ஆய்வகக் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்: ஸ்வீடன் வழியா, ஜெர்மனி வழியா?

ஸ்வீடனில் பேராசிரியர் கண்டுபிடித்தது அவருக்கே சொந்தம். 1949-லிருந்து இதுதான் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்புரிமை விண்ணப்பம், வக்கீல் கட்டணம், கம்பெனிகளோடு பேரம் எல்லாவற்றுக்கும் முதல் பொறுப்பு அவர்தான்.

ஜெர்மனியிலும் முன்பு அப்படித்தான் இருந்தது, 2002-ல் மாற்றிவிட்டார்கள். இப்போது கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகத்திடம் சொல்லியாக வேண்டும். அது எடுத்துக்கொண்டால் காப்புரிமைச் செலவும் அதனுடையதே. வருகிற பணத்தில் 30 சதவீதம் கண்டுபிடித்தவருக்கு. கவனியுங்கள், செலவு கழித்த மிச்சத்தில் அல்ல, மொத்த வருமானத்தில்! உரிமத் தொகையாக 1,000 யூரோ வந்தால் 300 யூரோ அவர் கைக்கு. பல்கலைக்கழகம் வேண்டாமென்று விடுவித்தால், உரிமை அவரிடமே திரும்பிவிடும்.

தொழில் தொடர்பும் கையில் காசும் உள்ள மூத்த பேராசிரியருக்கு ஸ்வீடன் வழி சரி. காப்புரிமைக் கட்டணத்துக்கே திணறும் இளம் ஆய்வாளருக்கு ஜெர்மனி வழிதான் நியாயம் என்பேன்.