காவல், சைபர், பொலிஸ்: கொழும்பில் பாதுகாப்புத் துறை வேலைகள் ஓர் ஒப்பீடு

உயர்தரப் பரீட்சை முடித்து வேலை தேடும் கொழும்புத் தமிழ் இளைஞர்களுக்குப் பாதுகாப்புத் துறையில் தனியார் காவல் நிறுவனங்கள், கணினிகளையும் தரவுகளையும் காக்கும் சைபர் பாதுகாப்பு, பொலிஸ் சேவை என மூன்று வழிகள் உள்ளன. சம்பளத்தை மட்டும் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது சரியாகாது.

விரைவில் கிடைப்பது தனியார் காவல் பணி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் ஹோட்டல்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் சோதனைகள் இறுகியதால் இதற்கான தேவை கூடியது. ஆனால் 12 மணி நேர ஷிப்டில் நின்றே உழைப்பவருக்கு மேற்படிப்புக்கு நேரம் எஞ்சுவதில்லை. சேர விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் காவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனம் பதிவாகியுள்ளதா என்பதையும், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கான சம்பளத்தின் 12 சதவீதம் ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

வளர்ச்சி என்று பார்த்தால் சைபர் பாதுகாப்பே முன்னிற்கிறது. சைபர் தாக்குதல்களைக் கையாளும் தேசிய அமைப்பான இலங்கை சேர்ட் 2006இலேயே தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விபரங்களைக் கையாளும் நிறுவனங்கள் மீது புதிய கடமைகளை வகுத்துள்ளது. இத்துறையில் தொடக்கநிலை வேலை பெரும்பாலும், நிறுவனத்தின் கணினிகளில் எழும் எச்சரிக்கைகளைக் கவனிக்கும் கண்காணிப்பு மையத்திலேயே அமைகிறது. ஒரே ஊழியரின் கணக்கு இரவு இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்தும் பத்து நிமிடத்தில் வேறொரு நாட்டிலிருந்தும் திறக்கப்பட்டதாக எச்சரிக்கை வரும்போது, அது இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் மென்பொருளைப் பாவித்ததால் நேர்ந்ததா, கடவுச்சொல் களவுபோனதா என்று பதிவுகளைப் புரட்டித் தீர்மானிப்பதுதான் அங்குள்ள அன்றாட வேலை. இதற்குப் பொறுமையும், வலையமைப்பு பற்றிய அடிப்படை அறிவும், அறிக்கை எழுதுமளவு ஆங்கிலமும் வேண்டும். மாலபேயிலுள்ள எஸ்.எல்.ஐ.ஐ.டி. போன்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் இதற்கெனப் பட்டப்படிப்பு உண்டு. கட்டணம்தான் பல குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை. தொடக்கத்திலேயே, அனுபவமுள்ள சைபர் பாதுகாப்பு நிபுணர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முழுச் சான்றிதழ் பெறப் பொதுவாக ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும். புதியவருக்கு செக்கியூரிட்டி பிளஸ் போன்ற தொடக்கநிலைச் சான்றிதழே பொருந்தும்.

பொலிஸ் சேவையில் உயரம், மார்பளவு முதலிய உடற்தகைமைகள் பார்க்கப்படுகின்றன. இடமாற்றமும் தவிர்க்க முடியாதது. அரச உத்தியோகத்தின் நிரந்தரம் இதன் பலம். இருப்பினும் இவ்வழியை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் வேறு. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய் முறைப்பாடு செய்யப் போனால், தன் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, தான் வாசித்தறிய முடியாத தாளில் கையொப்பமிட நேரும் நிலை இன்னும் ஒழியவில்லை. அந்த மேசையில் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இருப்பது அவருக்கு நீதியின் முதற்படி.

ஆகவே கணினியில் ஆர்வமும் படிப்புக்கு வசதியும் உள்ளவர்கள் சைபர் பக்கம் போகலாம். மக்களோடு பழக விரும்புவோர் பொலிஸ் சேவையைத் தயங்காமல் நாடலாம். ஆனால் வாக்குமூலங்கள் சிங்களத்திலும் எழுதப்படுவதால், விண்ணப்பிக்கும் முன்பே சிங்களத்தைப் பேச மட்டுமன்றி, பிழையின்றி எழுதவும் பழகிக்கொள்ள வேண்டும்.