நாடக ஆய்வுப் படிப்புக்கு கன்சல்டன்சி வழியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரிட்டனில் நாடக நிகழ்த்துகலையில் 'பிராக்டிஸ் பேஸ்டு' பிஎச்டிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நாடகக்காரர்கள், எந்த கன்சல்டன்சிக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கன்சல்டன்சி என்னிடம் 65,000 ரூபாய் வாங்கியது. பணம் போனதைவிட, இந்த வருடத்து வாய்ப்பே கைவிட்டுப் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்தப் படிப்பு வழக்கமான பிஎச்டி மாதிரி இல்லை. ஆய்வாளரே மேடையில் செய்து பார்ப்பதுதான் இங்கே ஆய்வு. வழக்கமான ஆய்வேடு 80,000 சொல் வரை போகும் என்றால், இதில் பல இடங்களில் அதில் பாதியளவு எழுதினால் போதும். மீதி, நிகழ்த்தலும் அதன் பதிவும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2006 வரை இந்த முறையை ஆராயவென்றே ஒரு திட்டம் நடந்தது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த பிலிப் சரில்லி, கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்சியை வைத்தே நடிகர்களைத் தயார் செய்தார். நம் பக்கத்து உடல்மொழி அவர்களுக்குப் புதிதல்ல.

என் ஆய்வுக் கேள்வி தெருக்கூத்துத் திரை பற்றியது. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டி வெளியே வருகிறாரே, அந்த நேரத்தில் அவர் உடம்பு எப்படித் தயாராகிறது? அதை நவீன நாடக நடிகருக்குப் பயிற்சியாக மாற்ற முடியுமா? கிரீடமும் புஜகீர்த்தி என்ற தோள் அணியும் கட்டிக்கொண்டு ஆடிப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

"வீடியோ மட்டும் குடுங்க சார், மத்ததை எங்க டீம் பாத்துக்கும்" என்றார்கள் கன்சல்டன்சியில். அந்த டீம் எழுதிய ஆய்வுத் திட்ட ப்ரொபோசலில் நான் ஆடுவதே இல்லை. கலைஞர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களை அட்டவணை போடுவதுதான் ஆய்வாம். ஒரு பத்தியில் கூத்து என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கதகளி' என்று இருந்தது. யாருக்கோ எழுதியதைப் பெயர் மாற்றி எனக்குத் தந்திருக்கிறார்கள். இதை நான் கேட்டபோது, "சப்மிட் பண்ணியாச்சு" என்று பதில் வந்தது. என்னிடம் காட்டாமலே அனுப்பியிருந்தார்கள்.

இதைவிட மோசம், விண்ணப்பக் கணக்கைத் தங்கள் மின்னஞ்சலில் திறந்து வைத்திருந்தது. நிராகரிப்புக் கடிதம் வந்தபின் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நானே எழுதினேன். அப்போதுதான் தெரிந்தது: கைடாக இருக்கக்கூடிய பேராசிரியர் முன்பே, "இதில் உங்கள் நிகழ்த்தல் எங்கே? வெட்டாத வீடியோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பேராசிரியர் ஆர்வத்தோடு கேட்ட கேள்வி என் கைக்கு வரவே இல்லை. கன்சல்டன்சி என்னிடம் 'அப்ளிகேஷன் ஃபீஸ்' என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் பிஎச்டி விண்ணப்பத்துக்குக் கட்டணமே வாங்குவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், அதே கன்சல்டன்சியிலிருந்து ஃபோன்: வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட எம்ஏ சீட் தயாராம். எம்ஏ மாதிரி வகுப்புப் படிப்புகளுக்கு ஆள் சேர்த்துவிட்டால் முதல் வருடக் கட்டணத்தில் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. என்னைக் கடன் வாங்க வைத்து அங்கே தள்ளுவதுதான் அவர்களுக்கு லாபம்.

விண்ணப்பத்துக்கு முன்பே கைடுக்கு நீங்களே எழுதுங்கள். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும். இசை போட்டு வெட்டி ஒட்டிய டிரெய்லர் வேண்டாம், ஒத்திகையின் நீளமான பதிவை அனுப்பி அதில் எதைத் தேடினீர்கள் என்று சொல்லுங்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். பிரிட்டன் அரசின் ஆய்வு நிதி 2021 முதல் வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, நிதி பெறுகிறவர்களில் வெளிநாட்டவர் 30 சதவீதம் வரைதான் என்ற உச்சவரம்போடு. அதற்கான கடைசித் தேதி பெரும்பாலும் பிஎச்டி விண்ணப்பத் தேதிக்கு முன்னதாகவே வந்துவிடும். கன்சல்டன்சி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று போட்டிருக்கிறதாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்; அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.