புலனாகாச் சொத்தைப் போக்கெழுத எந்த முறை: நேர்கோடா, அலகா, வருமானமா?

காப்புரிமை, மென்பொருள் உரிமம் மாதிரி ஆயுள் வரையறை உள்ள புலனாகாச் சொத்து (உருவமில்லாத சொத்து) கணக்கில் ஏறியதும், அதைப் போக்கெழுத, அதாவது அதன் விலையை ஆயுள் முழுக்கச் செலவாகப் பிரித்து எழுத, பலர் யோசிக்காமல் ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையைப் போட்டுவிடுகிறார்கள். பாதி நேரம் அது சரிதான். மீதி நேரத்துக்கு ஒரு கேள்வி இருக்கிறது: இந்த உரிமையை முதலில் தீர்த்து வைக்கப்போவது எது, காலமா, எண்ணிக்கையா, வருமானமா?

12 லட்சத்துக்கு வாங்கிய ஒரு உரிமம், 6 ஆண்டு செல்லும், அதிகபட்சம் 3 லட்சம் பிரதிகள் விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் ஆண்டுக்கு 2 லட்சம், அவ்வளவுதான். அலகு முறையில், அதாவது விற்ற எண்ணிக்கைப்படி கழித்தால், ஒரு பிரதிக்கு 4. முதல் ஆண்டே 90,000 பிரதிகள் போனால் செலவு 3.6 லட்சம். நாலாவது ஆண்டிலேயே 3 லட்சம் பிரதிகளும் தீர்ந்துவிடும் என்று விற்பனை வேகம் சொல்லும்போது நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், உரிமம் காலியான பிறகும் ஏட்டில் 4 லட்சம் நிற்கும். இங்கே நான் அலகு முறை பக்கம். ஆனால் விற்பனை மந்தமாகி, பிரதிகள் மிச்சமிருக்கும்போதே 6 ஆண்டு முடிந்துவிடும் என்றால் கதை தலைகீழ், அப்போது காலம்தான் எல்லை, நேர்கோடுதான் பொருத்தம்.

ஆண்டு வருமானத்தின் விகிதத்தில் கழிக்கும் வருமான அடிப்படை முறைதான் ஆசை காட்டும். வரவு குறைந்த ஆண்டில் செலவும் குறையும், லாபம் ஆட்டம் காணாது, நிர்வாகத்துக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரண்டாம் ஆண்டு அதே அளவு பிரதிகளை இரட்டிப்பு விலைக்கு விற்றால் வருமானம் இரட்டிப்பாகும், உரிமத்திலிருந்து தீர்ந்ததோ அதே அளவுதான். விலையேற்றத்துக்கும் சொத்து தீர்வதற்கும் என்ன சம்பந்தம்? புலனாகாச் சொத்துகளுக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 38-இல் 2014-இல் வந்த திருத்தம் (2016 முதல் நடைமுறை) இந்த முறை பொருந்தாது என்பதையே தொடக்க அனுமானமாக வைத்தது. விலக்கு இரண்டே இரண்டு. மொத்த வசூல் இன்ன தொகையைத் தொடும்வரை சுங்கம் வசூலிக்கலாம் என்பதுபோல உரிமையே வருமானத்தால் அளக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது வருமானமும் சொத்து தீர்வதும் நெருக்கமாகச் சேர்ந்தே நகர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவதை தணிக்கையாளரிடம் நிரூபிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

மிச்சமிருக்கும் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரே சதவீதத்தைக் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறைக்கும் அனுமதி உண்டு. சீக்கிரம் பழசாகிப்போகும் தொழில்நுட்பத்துக்குச் சரியாக வரலாம், மற்றபடி நான் பரிந்துரைக்க மாட்டேன். நற்பெயர் (குட்வில், இன்னொரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நிகரச் சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) இந்தப் போட்டியிலேயே இல்லை, சர்வதேசத் தரநிலைப்படி அதைப் போக்கெழுதாமல் ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனைதான், அதாவது ஏட்டு மதிப்பு இன்னும் தேறுமா என்று பார்ப்பது.

எந்த முறை எடுத்தாலும் எஞ்சிய மதிப்பு (ஆயுள் முடிவில் சொத்துக்குக் கிடைக்கக்கூடிய தொகை) பெரும்பாலும் பூஜ்யம், ஆக மொத்தச் செலவு அதே 12 லட்சம்தான், மாறுவது எந்த ஆண்டு எவ்வளவு சுமக்கிறது என்பது மட்டுமே. அப்புறம், ஆயுளையும் முறையையும் ஆண்டு முடிவில் ஒருமுறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். தீரும் விதம் மாறியிருந்தால் முறையையும் மாற்றலாம், அது மதிப்பீட்டு மாற்றம் என்பதால் பழைய ஆண்டுகளின் கணக்கைத் தொட வேண்டியதில்லை.