டியூன் 2: கான்கிரீட் போட்டுக் கட்டுவதா, வெறும் பாறையில் கட்டுவதா?

வெஸ்ட்வுட் உருவாக்கி 1992இல் வெளிவந்த டியூன் 2 என்ற கணினி விளையாட்டில், கட்டடங்களுக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்கு ஒரு கட்டத்துக்கு 5 கிரெடிட் (விளையாட்டின் பணம்). நான்கு கட்டம் பிடிக்கும் விண்ட்டிராப்புக்கு (மின்சாரம் தரும் கட்டடம்) 20, ஆறு கட்டம் பிடிக்கும் ரிஃபைனரிக்கு (ஸ்பைஸ் என்ற கனிமத்தைப் பணமாக்கும் ஆலை) 30. ரிஃபைனரியின் விலையே 400 என்பதால் இது பெரிய செலவில்லை. உண்மையான செலவு நேரம்தான். எல்லாவற்றையும் கட்டித்தரும் கன்ஸ்ட்ரக்ஷன் யார்டு ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் செய்யும். கான்கிரீட் வார்க்கும்வரை ரிஃபைனரி காத்திருக்க வேண்டும்.

வெறும் பாறையில் வைத்தால் கட்டடம் பாதி வலுவோடுதான் எழும். பாதிக் கட்டங்களுக்கு மட்டும் கான்கிரீட் இருந்தால் முக்கால் வலு கிடைக்கும், ஆனால் அதுவும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பாதிக்கு இறங்கிவிடும். ரிப்பேர் பட்டனை அழுத்திச் சரிசெய்யலாம். சில நிமிடத்தில் மறுபடி தேயும், மறுபடி பணம் போகும். விண்ட்டிராப்பில் இது இன்னும் மோசம்: வலு குறையக் குறைய மின்சாரமும் குறையும். புதிதாக ஒரு விண்ட்டிராப் வைத்தும் மின்சாரம் போதவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆகவே விண்ட்டிராப்புக்கு எப்போதும் முழுக் கான்கிரீட். கையில் பணமே இல்லாத தொடக்கத்தில் முதல் ரிஃபைனரியை மட்டும் வெறும் பாறையில் வைக்கலாம்; கூடவே வரும் ஹார்வெஸ்டர் (அறுவடை வண்டி) சீக்கிரம் ஸ்பைஸ் அள்ளத் தொடங்குவது அந்த நேரத்தில் அதிக லாபம்.

கான்கிரீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய கட்டடம் பழையதை ஒட்டித்தான் அமையும் என்பதால், கட்டங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே போய்ப் பாறையின் மறுமுனையில் டரட் (காவல் பீரங்கி) நிறுத்தலாம்.