சாசா குழந்தை உதவித்தொகை: சேவை எப்படி?

டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் அதிகம். அவர்கள் கவனிக்க வேண்டிய சேவை, தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா தரும் குழந்தை உதவித்தொகை. 1998-இல் 100 ராண்டில், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய உதவி, இப்போது 18 வயது வரை கிடைக்கிறது. 2025 ஏப்ரலில் தொகை மாதத்துக்கு 560 ராண்ட் ஆனது. பால், நாப்கினுக்கே போய்விடும்; அரசு இன்னும் தாராளமாக இருக்கலாம்.

விதியில் பிடித்தது, பெற்ற தாய்தான் கேட்க வேண்டும் என்றில்லை. பிள்ளையை உண்மையில் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரே விண்ணப்பிக்கலாம். 2025-இல் வருமான வரம்பு தனியாளுக்கு மாதம் 5,600 ராண்ட், தம்பதிக்குச் சேர்த்து 11,200 ராண்டாக இருந்தது. விண்ணப்பிப்பவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இவர்கள் வருமானம் மட்டுமே கணக்கு. கூட்டுக்குடும்பத்தில் மாமா, சித்தப்பா சம்பளத்தையும் எழுதிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், திருமண நிலைச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள்: பிரமாணப் பத்திரம் போன்ற மாற்று ஆதாரத்தை ஏற்க சமூக உதவிச் சட்டத்தின் கீழான விதி 11(1) இடம் தருகிறது. நகல்களுக்குக் காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை போடுவார்கள். விண்ணப்பமும் இலவசம், படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வாசலில் நின்று காசு கேட்பவரிடம் சிக்காதீர்கள்.

பணம் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கு. ஆகவே தேதியிட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 90 நாளுக்குள் மேல்முறையீடு.

பெற்றோர் இருவரும் இறந்துபோன பிள்ளையை உறவினர் வளர்த்தால், 2022 முதல் கூடுதல் தொகை உண்டு, 2025-இல் மொத்தம் 840 ராண்டாக இருந்தது. கவுண்டரில் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், இறப்புச் சான்றிதழ்களோடு போய் நீங்களே கேளுங்கள்.